கடைசியாக எப்போது மூத்திரம் போனான்?

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு காதணி விழா. அங்கே சாப்பிட்டதோ, வழியில் குடித்த தண்ணீரோ தெரியவில்லை, ஞாயிறு இரவு சின்னவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. திங்கள் பிற்பகல் அவன் எங்கள் திண்ணையின் வெறும் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துத் துவண்டு கிடந்தான். மூன்றரை வயது, 13 கிலோ. பக்கத்தில் நீல நிறப் பானத்தின் பாட்டில், அடியில் இரண்டு விரற்கடை மிச்சத்தோடு நின்றது. அதை வாங்கி வந்து ஊற்றிக் கொடுத்தவன் நான்.

அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கு என்று வந்த குழந்தையின் கையில் அதே பாட்டிலோடு ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரை இப்போதும் பார்க்கிறேன். அவர்களும் என்னைப் போலவே நல்லது என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா, தமிழ்நாட்டு எல்லையோரம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மலையாளம். கேரளம் என்றால் நாள் தவறாமல் மழை பெய்யும் என்று நினைப்பவர்கள் ஒரு சித்திரை மாதம் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வராவிட்டால் எங்களுக்கு வயல் இல்லை. எனக்குத் தொழில் கொப்பரைக் களம். தேங்காய் வாங்கி, மட்டை உரித்து, உடைத்து, களத்தில் காயவைத்துக் காங்கேயம் எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகிறோம். களத்துக்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் நல்லது, ஆட்களுக்குத்தான் ஆகாது. அந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவித்தது. அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கான வகுப்பை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த வெயிலில் காலை ஆறு மணியிலிருந்து ஆட்களோடு சேர்ந்து நானும் மூட்டை தூக்குவேன். பதினொரு மணிக்குச் சட்டையைக் கழற்றினால் முதுகில் உப்புக் கோடு படிந்திருக்கும். பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் விளையாட்டு வீரர்களுக்கான பானம் ஒன்று கிடைக்கும். எலக்ட்ரோலைட், அதாவது உடம்புக்கு வேண்டிய உப்புகள், என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதைக் குடித்தால் தலைசுற்றல் தணியும், கால் நரம்பு இழுப்பது குறையும். எனக்கு உதவியது என்பது பொய்யில்லை. நாள் முழுக்க வேர்த்துக் கொட்டி, மத்தியானம் உப்புப் போட்ட சாப்பாடும் சாப்பிடுகிற வளர்ந்த ஆளின் உடம்பு அது. எனக்கு ஆன சத்து மகனுக்கும் ஆகும் என்று நினைத்தேன். இந்த ஒரு நினைப்பில்தான் எல்லாத் தவறும் தொடங்கியது.

திங்கள் காலைக்குள் ஆறு தடவை போய்விட்டான். மனைவி வெந்நீர் ஆற்றிக் கொடுத்தாள், இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தள்ளிவிட்டான். கஞ்சி வேண்டாம் என்றான், மோர் வேண்டாம் என்றான். பத்து மணிக்கு நான் அந்த பாட்டிலோடு வந்தேன். நிறத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்து, இன்னொன்று கேட்டான். அதையும் குடித்தான். காலையிலிருந்து கலங்கிப் போயிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. "குடிக்கிறானே, அதுவே போதுமுங்க" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எதைக் குடிக்கிறான் என்று யாரும் யோசிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து, தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி போனது. பிறகு அரை மணிக்கு ஒருமுறை. போகப் போகத் தாகம் அதிகமானது, தாகம் எடுக்க எடுக்க நாங்கள் அதே பாட்டிலைக் கொடுத்தோம். இரண்டு மணி வாக்கில் அழுதான். அழுகைச் சத்தம் இருந்தது, கண்ணில் ஈரம் இல்லை. என் அம்மா அவனை மடியில் போட்டு, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே படியவில்லை. ஒரு கணம் அப்படியே நின்று மெல்ல இறங்கியது. அம்மா ஒன்றும் பேசாமல், எங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

ஆஷா சேச்சி வந்ததும் எத்தனை தடவை போனான் என்று கேட்கவில்லை. "மூத்ரம் ஒழிச்சோ?" என்றுதான் கேட்டார். மூத்திரம் போனானா, கடைசியாக எப்போது போனான்? நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி அம்மாவைப் பார்த்தாள். தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்ததால் யாருக்கும் அது தோன்றவே இல்லை. கூட்டிப் பார்த்தால் காலை ஏழு மணிக்குப் பிறகு போகவில்லை. ஏழு மணி நேரம். சேச்சி பாட்டிலை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார். "இது இனி வேண்டாம். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கலக்குங்கள், வண்டி வரும்வரை கரண்டியால் கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்று பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள் அது.

அரசு ஆசுபத்திரியில் அவனை ட்ரிப் போடாமலேயே தேற்றினார்கள். எழுந்து உட்கார்ந்து ஆசையாகக் குடிக்கிற நிலையில் இருக்கும் வரை வாய் வழியாகவே போதும் என்றார் டாக்டர். மயங்கிக் குடிக்க முடியாமல் போயிருந்தால் நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும், அந்த எல்லைக்கு வெகுதூரம் இல்லை என்றும் சொன்னார். கணக்கு இதுதான்: கிலோவுக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில். 13 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். டம்ளரில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், தேக்கரண்டியால் நிமிடத்துக்கு ஒன்று கொடுங்கள் என்றார் நர்ஸ். தேக்கரண்டி 5 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 240 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. இவ்வளவு சின்னக் கரண்டியால் என்ன ஆகிவிடும் என்ற என் சந்தேகம் அந்தப் பெருக்கலில் தீர்ந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். நொடி முள் 12-ஐத் தொடும்போது ஒரு கரண்டி. மனைவி ஊட்டினாள், நான் முள்ளைப் பார்த்துச் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பினான். உப்புக் கரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை, நீல பாட்டிலைக் கேட்டான். இருபது நிமிடம் கழித்து ஒருமுறை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாக மறுபடி தொடங்கச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு அவனே வாயைத் திறந்து காத்திருந்தான். அந்த உப்பு உடம்புக்கு வேண்டியிருந்தது போலும், தேறிய பிறகு அதே கரைசலை வேண்டாம் என்று தட்டிவிட்டான். ஏழு மணிக்கு என் மடியில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. வேட்டியெல்லாம் நனைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா "நனைத்துவிட்டானே" என்று துண்டை நீட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னவனும் ஊசி போட வந்தவரைப் பார்த்து அழுதான், இம்முறை கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அந்தப் பானம் ஏன் உதவவில்லை, ஏன் கெடுதலாகவே ஆனது என்பதை டாக்டர் இரவு சுற்றில் நின்று விளக்கினார். பிறகு நானாகவும் லேபிள்களைப் படித்துத் தெரிந்துகொண்டேன். குடலின் சுவர் வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே போய்விடாது. உப்பில் இருக்கும் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகச் சேர்ந்து சுவரைக் கடக்கின்றன, அவற்றின் பின்னால்தான் தண்ணீர் போகிறது. எங்கள் களத்தில் ஒரு கொப்பரை மூட்டையை லாரியில் ஏற்ற இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் வேண்டும். ஒரு முனைக்கு மட்டும் பத்துப் பேர் வந்து நின்றால் மூட்டை ஏறாது. வயிற்றுப்போக்கு எந்த வேகத்தில் போனாலும் இந்த ஜோடி வழி மட்டும் பெரும்பாலும் அடைபடுவதில்லை. ஓஆர்எஸ் உயிரைக் காப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-ல் திருத்தி வெளியிட்ட அளவு ஒரு லிட்டருக்கு இது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். விளையாட்டுப் பானங்களில் பொதுவாக ஒரு லிட்டருக்கு 60 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது. ஓஆர்எஸ்ஸில் உள்ளதைப் போல நாலு மடங்குக்கும் மேல். சோடியமோ ஏறத்தாழ கால் பங்கு. தூக்க ஆள் இல்லாமல் குடலில் தங்கிவிடும் சர்க்கரை சும்மா இருப்பதில்லை. நறுக்கிய மாங்காய்த் துண்டில் சர்க்கரையைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தில் நீர் ஊறி நிற்கும் அல்லவா, அதேபோல உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. பேதி கூடுகிறது. இன்னொரு பக்கம் மலத்தோடு போன உப்பு திரும்ப வராததால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். மிகவும் இறங்கினால் வலிப்பு வரைக்கும் போகலாம். வெறும் தண்ணீரை மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

1965-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் தங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்காகத் தயாரித்த பானம்தான் கேடரேட். இந்த வகைப் பானங்களில் பேர்பெற்றது அது. வேர்த்துக் கொட்டும் இளைஞர்கள் மைதானத்தில் மணிக்கணக்கில் ஓடுவதற்காக வைத்த அளவு அது. ஓஆர்எஸ்ஸின் கதை வேறு. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பொங்காவுக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள், காலரா பரவியது, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முகாமில் 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-ல் அவர் காலமானார், மறுவருடம் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. எல்லையோரத்தில் வாழ்கிறவன் என்பதாலோ என்னவோ, இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாய்மார்கள் கரண்டியால் கொடுத்துப் பிழைக்க வைத்த மருந்து அது. அதே கரண்டிதான் எங்கள் கைக்கும் வந்தது.

ஆசுபத்திரியிலிருந்து வந்த மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். கைவசம் இன்னும் நாலு பாக்கெட் இருக்கட்டும் என்று ஒரு மருந்துக் கடைக்குப் போய் "ஓஆர்எஸ் கொடுங்கள்" என்றேன். ஸ்ட்ரா ஒட்டிய காகிதப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். முகப்பிலேயே ஓஆர்எஸ் என்ற எழுத்துகள். ஆப்பிள் சுவை. அன்றைக்குப் பட்ட பாடு மறக்காததால் பின்பக்கத்தைப் படித்தேன். 100 மில்லிக்கு 10 கிராமுக்கும் மேல் சர்க்கரை. நான் கொடுத்த நீல பாட்டிலை விடவும் அதிகம்! மூலையில் பொடி எழுத்தில், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல என்று ஒரு வரி. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய் அந்த வரியைப் படிப்பாளா?

இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் இப்படிப் பெயர் வைப்பதைத் தடுத்தது. சில மாதங்களிலேயே, அந்தப் பொடி எழுத்து வரியைப் போட்டால் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. 2025 அக்டோபரில்தான் தளர்வை ரத்து செய்து, உணவுப் பொருளாக விற்கும் எந்தப் பானமும் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் உத்தரவை நம்பிப் படிக்காமல் வாங்க நான் தயாராக இல்லை. பெயர் மாறினாலும் பெட்டிக்குள் இருப்பது அதே சர்க்கரைத் தண்ணீராக இருக்கலாம். வாங்க வேண்டியது தூள் பாக்கெட். அதில் டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) ஃபார்முலா என்று இருக்கும், நான் மேலே எழுதிய நாலு பொருளும் அந்த அளவில் இருக்கும். ஆஷா பணியாளரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமலே கிடைக்கும்.

சரியான பாக்கெட் கையில் இருந்தும் கலக்குவதில் தவறு செய்பவர்கள் நிறைய. எங்கள் தெருவிலேயே ஒருவர் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி டம்ளரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அளவு தெரியாமல் கெட்டியாகிவிட்டால் உப்பு கூடி, குழந்தைக்குத் தாகமும் ஆபத்தும் ஏறும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் பலன் இல்லை. முழுப் பாக்கெட், முழு லிட்டர். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது, எது என்று கவரில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர்தான், பாலிலோ பழச்சாறிலோ கலக்கக் கூடாது, ருசிக்காகச் சர்க்கரை சேர்க்கவும் கூடாது. கலந்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும். நாங்கள் ஒரு லிட்டர் எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தை இதற்கென்றே வைத்திருக்கிறோம், தண்ணீர் மட்டத்துக்கு உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறியிருக்கிறேன்.

பாக்கெட்டே கிடைக்காத இராத்திரி என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. கலக்கி ருசி பார்க்கும்போது கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாது என்று ஆஷா சேச்சி சொல்லிக் கொடுத்தார். இது விடியும்வரை சமாளிக்கத்தான். உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லது. இளநீரைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், தென்னைக்கு நடுவிலே வாழ்கிறோம் அல்லவா. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. வெயிலுக்குக் குடிக்க அதைப் போல ஒன்றில்லை. வயிற்றுப்போக்கு லேசாக இருக்கும்போது கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் ஓஆர்எஸ்ஸின் இடத்தில் வைக்க முடியாது. தேங்காயால் பிழைக்கிறவன் நானே சொல்கிறேன்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். நாங்கள் நாலாம் நாளே நிறுத்தப் பார்த்தோம், சேச்சி விடவில்லை. சாப்பாட்டை நிறுத்தவே கூடாது: தயிர்ச் சோறு, இட்லி, வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது.

எப்போது உடனே கிளம்ப வேண்டும் என்பது தெரியாமல்தான் நாங்கள் பொழுதைக் கழித்தோம். ஆறு மணி நேரம் மூத்திரம் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, நாக்கு வறண்டிருக்கிறது, கிள்ளிய தோல் மெதுவாகப் படிகிறது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறான், மலத்தில் இரத்தம், எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், வண்டி கூப்பிடுங்கள். போகும் வழியிலும் கரண்டி நிற்கக் கூடாது, விழிப்பாக இருந்து விழுங்க முடிகிற வரை.

நோய் இல்லாத நாளுக்கு வருகிறேன். பெரியவளுக்கு ஒன்பது வயது. பள்ளித் தடகளத்துக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. பறளி, முண்டூர் என்றால் மாநிலம் முழுக்கத் தெரியும். அவளும் காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாள். மைதானத்து ஓரத்தில் பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள், பாதிப் பைகளில் வண்ண பாட்டில். அவளுடைய பயிற்சியாளர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, முக்கால் மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தேவையில்லை என்று உறுதியாகச் சொன்னார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே இதைத்தான் சொல்லியிருக்கிறது: அன்றாட விளையாட்டுக்குத் தண்ணீர், காபீன் கலந்த எனர்ஜி பானங்கள் குழந்தைகளுக்கு ஒருபோதும் வேண்டாம். கடை அலமாரியில் எனர்ஜி பானமும் விளையாட்டுப் பானமும் அக்கம்பக்கமாக நிற்பதால் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடும் போட்டி என்றால் விளையாட்டுப் பானத்துக்கு ஓர் இடம் இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தை வாசலில் ஓடி விளையாடுவதற்கு எந்த இடமும் இல்லை. அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி. இரண்டு வயதிலிருந்து ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று இதய மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வயதுக்குள் சேர்க்கவே வேண்டாம் என்கிறார்கள். அதோடு அதில் இருக்கும் அமிலம் பால்பற்களின் மேற்பூச்சை அரிக்கும். நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம்.

குழந்தை தண்ணீர் குடிக்க மறுப்பதுதான் எல்லோருக்கும் பிரச்சினை. இனிப்பைக் காட்டித் தண்ணீர் குடிக்க வைத்தால், இனிப்பு இல்லாமல் தண்ணீர் இறங்காது என்ற பழக்கம் வந்துவிடுகிறது. சின்னவன் அந்த நோய்க்கு முன்பே அக்காவின் பாட்டிலில் பங்கு கேட்டுக் கேட்டு அப்படித்தான் ஆகியிருந்தான். மாற்ற எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. பதிமுகம் என்ற மரச் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும், அவனுக்கு நிறம்தான் வேண்டியிருந்தது, அதை அவனுடைய குட்டி டம்ளரில் ஊற்றி வைத்தோம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் விளையாட்டுக்கு நடுவில் கூப்பிட்டு இரண்டு மடக்கு. 2024 பிப்ரவரியில் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள், அந்த மணியைப் பெரியவள் வீட்டிலும் தட்டில் கரண்டியால் அடித்து அவனைக் கூப்பிட ஆரம்பித்தாள். மத்தியானம் இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் போட்ட மோர், இங்கே சம்பாரம் என்பார்கள். சித்திரையில் நுங்கு, தர்பூசணி. உப்பும் நீரும் இவற்றிலும் சோற்றிலும் குழம்பிலும் போதுமான அளவு வந்துவிடுகிறது.

எங்கள் தாலுக்காவில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. குளிர்பான ஆலையால் கிணறு கெட்டது என்று 2002 ஏப்ரலில் அங்கே போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடித் தாய். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. குடத்துத் தண்ணீருக்காக அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு, என் பிள்ளைக்குத் தண்ணீரை விட பாட்டில் உயர்ந்தது என்று எப்படித் தோன்றியது என்று அந்த வழியாக லோடு போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

இன்னும் ஒன்று, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. பொள்ளாச்சியில் என் தங்கைக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது. நாலு மாதம் ஆகியிருந்தபோது, வெயிலுக்கு நாக்கு வறளும் என்று அவள் மாமியார் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கப் போனார். நல்ல மனதுதான். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீர். வெயில் அதிகமென்றால் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், தண்ணீரைத் தாய் குடிக்க வேண்டும். இதை நான் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று சேச்சியிடம் போனைக் கொடுத்துப் பேச வைத்தேன். அரை மணி நேரம் மலையாளமும் தமிழுமாகப் பேசினார்கள். மாமியார் கேட்டுக்கொண்டார்.

களத்து ஆட்களுக்கு இப்போது பானையில் உப்புப் போட்ட மோர் வைக்கிறேன், நானும் அதையே குடிக்கிறேன். பெட்ரோல் பங்குக் கடைக்காரரிடம் ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளை வைக்கச் சொன்னேன். யார் வாங்குவார்கள் என்று தயங்கினார். முதல் பத்து பாக்கெட்டை நானே வாங்கினேன். இரண்டு லாரியின் டாஷ்போர்டிலும், வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலும், பொள்ளாச்சிக்குப் போகும் பையிலும் இரண்டிரண்டு. வருடத்துக்கு ஒருமுறை சித்திரைக்கு முன்னால் தேதி பார்த்துப் பழையதை மாற்றுகிறோம். போன முறை அதைச் செய்தது பெரியவள். பாக்கெட்டைத் திருப்பி, 20.5 கிராம், ஒரு லிட்டர் என்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தாள்.